சத்தமில்லாத சைக்கிள்

மாதம் ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமை இரவில், சைக்கிள் சங்கிலியைக் கழற்றி, அழுக்குப் போக அலசிக் காயவைத்து, உருகிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுப்பேன். அதற்கென்றே ஒரு பழைய ரைஸ் குக்கர் கராஜின் மூலையில் இருக்கிறது. எண்ணெய் விட்ட சங்கிலியில் சரளைச் சாலையின் சுண்ணாம்புத் தூள் அப்பிக்கொண்டு பற்சக்கரங்களைத் தேய்த்துவிடும். மெழுகு பூசிய சங்கிலியில் தூள் நிற்காது. கேட்பவர்களிடம் இந்தக் காரணத்தைத்தான் சொல்லிவந்தேன். ஆனால் நான் மெழுகுக்கு மாறியது வேறொன்றுக்காக. மெழுகு பூசிய சங்கிலி ஓசையே எழுப்புவதில்லை. மிதிப்பதை நிறுத்தும்போது டிக் டிக்கென்று ஒலிக்கும் பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்பைக்கூட மாற்றி, கூடுதல் விலை கொடுத்து, ஓசை குறைந்த ஒன்றைப் போட்டிருந்தேன். சரளைச் சாலைக்கான கிராவல் பைக் ஓட்டும் நண்பர்கள் எடையைக் குறைக்கப் பணம் செலவழித்தபோது நான் ஓசையைக் குறைக்கச் செலவழித்தேன்.

அந்த அமைதியை ஒரு நற்பண்பாகவே நினைத்திருந்தேன். காட்டுக்குள் கார் போனால் புழுதியும் இரைச்சலும் கூடவே போகின்றன; சதுப்பில் காற்றாடிப் படகு போனால் ஒரு மைல் சுற்றளவில் பறவைகள் எழுந்து பறக்கின்றன. நான் வருகிறேன், ஒரு புல்லும் தலை நிமிர்வதில்லை, போகிறேன், தடம்கூட அடுத்த மழையில் அழிந்துவிடுகிறது என்ற எண்ணம் எனக்கு உள்ளூர இனித்தது. வெண்வால் மான் இருபதடி தொலைவில் தழை கடித்துக்கொண்டிருப்பதை அதன் பக்கவாட்டில் உருண்டுபோனபடியே பார்த்திருக்கிறேன். சிறகை விரித்து வெயில் காயும் அன்ஹிங்கா, நம் ஊர் பாம்புத்தாராவின் நெருங்கிய உறவுப் பறவை, நான் கடந்துபோன பிறகும் விரித்த சிறகை மடக்காமல் நின்றிருக்கிறது. விலங்குகள் என்னைப் பொருட்படுத்தவில்லை என்றே அவற்றையெல்லாம் புரிந்துகொண்டேன். நான் வருவது அவற்றுக்குத் தெரியவில்லை என்பது வேறு செய்தி என்று அப்போது தோன்றவில்லை. இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது ஒரு மார்ச் மாதக் காலையில். அதன் பிறகும் அதை ஒத்துக்கொள்ள ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மயாமியிலிருந்து மேற்கே டமயாமி டிரெய்ல் என்னும் நெடுஞ்சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதன் ஃபார்ட்டி மைல் பெண்ட் என்ற வளைவில் தெற்கே பிரிந்து, காட்டுக்குள் வளைந்து சென்று, மன்றோ ஸ்டேஷன் இருந்த இடத்தில் மீண்டும் நெடுஞ்சாலையோடு சேர்வது லூப் ரோடு. மொத்தம் 24 மைல். கிழக்கு முனையில் சில மைல்களுக்குத் தார் உண்டு. எஞ்சியதெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புச் சரளை. இந்தச் சதுப்புக் காட்டுக்கு பிக் சைப்ரஸ், அதாவது பெரிய சைப்ரஸ், என்று பெயர் இருப்பதால் மரங்கள் பெரியவை என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்தப் பெயர் காட்டின் பரப்பைக் குறித்தது, மரத்தின் உயரத்தை அல்ல. சதுப்பு என்றதும் மனத்தில் வரும் சேறும் நாற்றமும்கூட இங்கே குறைவு. சுண்ணாம்புப் பாறையின் மேல், தேயிலை நிறத்தில் தெளிந்த நீர், நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் தென்மேற்காக நகர்ந்துகொண்டிருக்கும். நிலத்தின் சரிவு அவ்வளவு குறைவு. சில அங்குல மேடு இருந்தால் அங்கே வேறு மரங்கள், சில அங்குலப் பள்ளம் இருந்தால் அங்கே சைப்ரஸ். ஊசியிலை மரமாக இருந்தும் சைப்ரஸ் குளிர்காலத்தில் மொட்டையாகிவிடும். மார்ச்சில் துளிர்க்கும் அந்த இளம்பச்சையைச் சொல்லால் காட்ட முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அப்போது சாலையிலேயே நீர் ஏறி நிற்கும், பள்ளத்தின் ஆழம் தெரியாது. நவம்பருக்குப் பிறகு நீர் வடிந்து, எஞ்சிய குளங்களில் மீன்கள் நெருங்கிச் சேர, அவற்றைத் தேடிப் பறவைகளும் முதலைகளும் வந்து குவியும். சைக்கிளுக்கு ஏற்ற காலமும் அதுதான். விலங்குகளுக்கு இடம் சுருங்கும் காலத்தைத்தான் நாங்கள் எங்கள் பருவம் என்று அழைக்கிறோம்.

இங்கே ஏற்றமே கிடையாது. எதிர்காற்றுதான் மலை என்பார்கள். 45 மில்லிமீட்டர் டயரில் காற்றைச் சற்றே குறைத்துவிட்டு, சரளையின் அலையலையான மேடுகள் கையை உலுக்காத ஒரு வேகம் பிடிபட்டுவிட்டால், மணிக்கு பதினாறு, பதினேழு மைலில் மணிக்கணக்காகப் போகலாம். அந்த வேகத்துக்கு ஒரு போதை உண்டு. பாதையின் இருபுறமும் நீர், நீரில் தலைகீழாக மரங்கள், மரங்களில் ஒட்டுச்செடிகள், எல்லாமே ஒரே சீராகப் பின்னால் ஓடும். ஓடவைப்பது நாம் என்பது மறந்துபோகும்.

சிறுபாலத்தின் அருகே

அன்று நாங்கள் ஐந்து பேர். வடக்கிலிருந்து குளிர்காற்று வந்திருந்ததால் விடியற்காலை அந்தப் பகுதிக்கு நல்ல குளிர். முந்தைய வாரம் சாலையைச் சமன்படுத்தியிருந்தார்கள். பனியில் நனைந்து இறுகிய தளத்தில் டயரின் ஓசை ஒரு முணுமுணுப்பாகக் குறைந்திருந்தது. மூன்று பேர் முன்னால் போய்விட்டார்கள். நான் தண்ணீர்க் குப்பியைச் சரிசெய்ய நின்றதில் பின்தங்கி, அவர்களைப் பிடிக்க வேகமாக மிதித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சற்றுத் தொலைவில் அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிக்காரர், பணி ஓய்வு பெற்றவர், பறவைகளைப் பார்ப்பதற்காகவே சைக்கிள் ஓட்டுபவர்; அவரை யாரும் வேகமாக ஓட்டிப் பார்த்ததில்லை. ஒரு வளைவு திரும்பினேன். நாற்பது, ஐம்பது அடிக்கு அப்பால் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு முதலை கிடந்தது. அலிகேட்டர் வகை, எட்டடி இருக்கும். வால் இடப்பக்க ஓரத்தில், தலை வலப்பக்கம் பார்த்து. குளிர்ந்த இரவுக்குப் பிறகு வெள்ளைச் சரளை முதலில் சூடேறும் என்பதால் அவை சாலையில் ஏறிப் படுப்பது வழக்கம். நின்றிருக்கலாம். பிரேக் பிடிக்கப் போதிய தூரம் இருந்தது, பிடிக்கவும் கையை வைத்தேன். பிறகு, முன்னால் போனவர்கள் மேலும் தள்ளிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்; தலைப்பக்கம் போகாமல் வால்பக்கம் போனால் ஆபத்தில்லை என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது; வாலுக்கும் இடப்பக்க நீருக்கும் நடுவே இரண்டு மூன்றடி இடைவெளி தெரிந்தது. கையை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் நுழைந்தேன்.

நான் நெருங்கும்வரை அது அசையவில்லை. வால் நுனியைத் தாண்டும் நொடியில் டயரிலிருந்து காற்று பீறிடுவதைப் போன்ற ஒரு சீறல் எழுந்தது. அவ்வளவு பெரிய உடல் கால்களை ஊன்றி எழும்பி, மூன்றே பாய்ச்சலில் சாலையைக் கடந்து வலப்பக்க ஓடையில் விழுந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ள, முப்பதடி தள்ளி நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கைப்பேசியை எடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் இடப்பக்கக் குளத்திலிருந்து அந்தக் குரல்கள் கேட்டன. நாய்க்குட்டி குரைக்க முயல்வதைப் போல, அடித்தொண்டையில் சின்னச் சின்னதாய் விட்டுவிட்டு வரும் கத்தல். முதலைக் குஞ்சுகள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ பொரித்து, ஆறேழு மாதமாகி, ஓரடி நீளத்துக்கு வளர்ந்து, உடலில் மஞ்சள் பட்டைகள் இன்னும் மங்காதவை. நீரோரத்தில் விழுந்து கிடந்த கிளையின் மேலும் சுற்றிலும் படுத்திருந்தன. பெண் முதலை ஓராண்டு வரையிலும் சில வேளை அதற்கு மேலும் குஞ்சுகளின் அருகிலேயே இருக்கும் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். நான் எந்த இடைவெளியில் நுழைந்தேன் என்பது அந்தக் குரல்களைக் கேட்ட பிறகே விளங்கியது. தாய்க்கும் குஞ்சுகளுக்கும் நடுவே புகுந்து, தாயை மறுபக்கம் துரத்தியிருக்கிறேன்.

குளத்தின் எதிர்க்கரையில் ஒரு பெரிய நீல நாரை நின்றுகொண்டிருந்தது. அது எப்போதிலிருந்து நின்றது என்று தெரியாது. நாரையின் பொறுமைக்கு மணிக்கணக்கு இல்லை. அது அவசரமே இல்லாமல் இரண்டு எட்டு வைத்தது. மூன்றாவது எட்டில் கழுத்து நீண்டு மடங்கியது. அலகில் ஒரு குஞ்சு வளைந்து நெளிந்தது. மற்றவை கத்திக்கொண்டே நீரில் சிதறின. சாலைக்கு அடியில் அந்த இடத்தில் ஒரு சிறுபாலம். ஒருபக்க நீர் மறுபக்கம் போகச் சிமென்ட் குழாய் பதித்திருக்கிறார்கள். வலப்பக்கம் விழுந்த தாய் அந்தக் குழாய்க்குள் புகுந்து, நான் நின்றிருந்த சாலைக்கு அடியிலேயே நீந்தி, இடப்பக்கக் குழாய் வாயில் தலையை நீட்டியது. நீரை விலக்கிக்கொண்டு நேராகக் குஞ்சுகளை நோக்கிப் போனது. நாரை எழுந்து பறந்துவிட்டது. நான் புகுந்ததற்கும் தாய் திரும்பி வந்ததற்கும் இடையே ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மறுபக்கத்தில் அண்ணாச்சி சைக்கிளிலிருந்து இறங்கி நின்றிருந்தார். பத்து நிமிடம் போல அங்கேயே நின்றார். பிறகு சாலையின் வலது ஓரமாக, சைக்கிளைத் தனக்கும் குளத்துக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தார். என்னை நெருங்கியதும் "போலாமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். போனோம்.

நான் சொன்ன கதை

அடுத்த சில வாரங்களில் அந்தக் காலையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அலுவலகத்தில், குழந்தைகளின் தமிழ்ப் பள்ளி வாசலில், ஊரில் இருக்கும் தம்பியிடம் தொலைபேசியில். வளைவு, எட்டடி முதலை, வாலுக்கும் நீருக்கும் நடுவே மூன்றடி, சீறல், நெஞ்சுத் துடிப்பு. கேட்பவர்கள் கண்களை விரிப்பார்கள். வீட்டில் மட்டும் கொஞ்சம் திட்டு விழுந்தது. கதை ஒவ்வொரு முறையும் முதலை ஓடையில் விழும் இடத்தோடு முடிந்தது. நாரை அதில் வரவே இல்லை. வேண்டுமென்று மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது; சொல்லிக்கொண்டு வரும்போது அந்த இடம் வந்ததும் வாய் தானாக நின்றுவிடும். நாரையைச் சொன்னால் கதையின் நடுவில் நான் இருக்க மாட்டேன் என்பது எனக்குள் எதற்கோ தெரிந்திருக்கிறது.

மே மாதத்தில் நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் அதை மறுபடியும் சொன்னேன். அண்ணாச்சியும் இருந்தார். குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்; இடையில் எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது அவரை வீட்டில் விட நான்தான் அழைத்துப்போனேன். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இறங்காமல், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்து, காரின் விளக்கைப் போடச் சொன்னார். அந்தச் சிறுபாலத்துக் குளத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார். செப்டம்பர் 31. நவம்பர் 22. ஜனவரி 17. மார்ச் தொடக்கம் 14. அதற்குக் கீழே, நாங்கள் போன நாளின் தேதியிட்டு, 13.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சட்டென்று, எப்படியும் அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கப்போவதில்லையே என்றேன். அது உண்மைதான்; ஒரு கூட்டில் பொரிப்பவற்றில் மிகச் சிலவே பெரிதாகும். நாரை, ரக்கூன், பெரிய மீன்கள், மற்ற முதலைகள் என எல்லாருக்கும் அவை உணவு. நாரையும் வயிற்றை நிரப்ப வேண்டும். அண்ணாச்சி தலையாட்டினார். "ஆமா தம்பி. ரெண்டோ மூணோ மிஞ்சுனா பெரிசு. முப்பத்தொண்ணு பதிமூணு ஆயிருக்கு, பதினெட்டு போயிருக்கு. அதுல பதினேழு எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும்." குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்து ஓட்டும்படி சொல்லிவிட்டு இறங்கினார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கு வைத்திருப்பவர் கணக்கைச் சொன்னார், அவ்வளவே. குற்றச்சாட்டு இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு முதல் என்னை அரித்தது அந்த ஒரு குஞ்சு மட்டுமல்ல, என் அமைதியைப் பற்றி நான் வைத்திருந்த கருத்தும்தான். மெழுகு பூசிய சங்கிலியும் ஓசையில்லாத ஹப்பும் இல்லாமல், ஒரு பழைய சரக்கு வண்டி கடகடவென்று அந்த வளைவில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கால் மைல் தொலைவிலேயே முதலைக்குக் கேட்டிருக்கும். எழுந்து, அவசரமில்லாமல், தான் விரும்பிய பக்கத்துக்கு, அதாவது குஞ்சுகள் இருந்த பக்கத்துக்கு, இறங்கியிருக்கும். வண்டி போன பிறகு திரும்ப ஏறிப் படுத்திருக்கும். ஓசை அதற்கு முடிவெடுக்க நேரம் கொடுத்திருக்கும். நான் அந்த நேரத்தைத்தான் பறித்திருந்தேன். எதிரில் வரும் ஆபத்தின் அளவைப் பார்த்து ஒதுங்குவது, நிற்பது, எதிர்ப்பது என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு விலங்குக்குத் தேவைப்படுவது சில நொடிகள். அந்தச் சில நொடிகளை வேகமும் மௌனமும் சேர்ந்து இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. வேட்டையாடும் விலங்குகள் வருவதும் இப்படித்தான். அப்படியிருக்க, நான் எதற்கும் தீங்கு செய்யாதவன் என்று அவை எப்படித் தெரிந்துகொள்ளும்?

2016 ஜூன் மாதம் மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டுப் பாதையில், சைக்கிளில் வேகமாக வந்த ஒருவர் வளைவுக்கு அப்பால் நின்ற கிரிஸ்லி கரடியின் மேல் மோதி, அதனால் தாக்கப்பட்டு இறந்தார். அவருக்கும் கரடிக்கும் ஒருவரையொருவர் பார்க்க நேரமே இருக்கவில்லை என்று விசாரணை சொன்னது. அந்தச் செய்தியை அப்போதே படித்திருக்கிறேன். கிரிஸ்லி இருக்கும் மலைநாட்டுச் செய்தி, சமவெளியில் ஓட்டும் எனக்கு அதில் என்ன என்று கடந்துவிட்டேன். இங்கேயும் கருங்கரடி உண்டு. பூமா இனத்தைச் சேர்ந்த ஃப்ளோரிடா பேந்தர் உண்டு. வளர்ந்தவை 120 முதல் 230 வரைதான் எஞ்சியிருக்கின்றன என்பது அரசின் மதிப்பீடு. ஒரே ஒரு முறை, மழை காய்ந்த வெள்ளைச் சேற்றில் அதன் கால்தடத்தைக் கண்டு சைக்கிளைப் போட்டுவிட்டு முழந்தாளிட்டிருக்கிறேன். அதைத் தினமும் கொல்லக்கூடியது துப்பாக்கியல்ல, சாலையில் வரும் வேகம். காரின் வேகத்தைக் குறை சொல்லும்போதெல்லாம் என் வேகத்தை வேறு கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

சாலையே ஓர் அணை

தடம் பதிக்காமல் போகிறேன் என்ற என் நினைப்புக்கு அடித்தளமே இல்லை என்பதும் பிறகு மெல்லத் தெளிந்தது. நான் போவது சாலையின் மேல். சதுப்பில் சாலை போடுவது எப்படி? ஓரத்துப் பாறையைத் தோண்டி எடுத்து நடுவில் கொட்டி உயர்த்துகிறார்கள். தோண்டிய இடம் ஓடையாகிறது, கொட்டிய இடம் சாலையாகிறது. 1928இல் டமயாமி டிரெய்ல் முடிந்தபோது, பரந்த தாள் போல வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்துகொண்டிருந்த நீரின் குறுக்கே அது ஓர் அணையாக விழுந்தது. அந்தத் தவறைத் திருத்தப் பிற்காலத்தில் சாலையின் சில பகுதிகளைத் தூக்கிப் பாலமாக்கினார்கள். முதல் ஒரு மைல் பாலம் 2013இல் முடிந்தது. லூப் ரோடும் அதே 1920களில் நிலம் விற்க நினைத்தவர்கள் போட்ட சாலைதான். அன்று தாய் முதலை நீந்தி வந்த சிமென்ட் குழாய் அணையில் இட்ட ஒரு துளை. சாலை இல்லாதிருந்தால் இடப்பக்கம் வலப்பக்கம் என்ற பிரிவே அங்கே இருந்திருக்காது. ஆனால் சாலை இல்லாதிருந்தால் நான் அந்த இடத்தைப் பார்த்தே இருக்க மாட்டேன். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முயல்கிறேன். இன்றுவரை சரியாகப் பொருந்தவில்லை.

நான் இரசித்துவந்த அமைதியும் சும்மா கிடைத்ததல்ல. 1968இல் இந்தக் காட்டின் நடுவே, ஒலியை மிஞ்சும் விமானங்களுக்காக, உலகின் மிகப் பெரிய விமான நிலையத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 39 சதுர மைல் பரப்பு. அது வந்தால் தென் ஃப்ளோரிடாவின் இயற்கை அமைப்பே அழிந்துபோகும் என்று 1969இல் வந்த ஆய்வறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. வேட்டைக்காரர்கள், பறவை ஆர்வலர்கள், மிக்கசூக்கி பழங்குடி மக்கள் என ஒன்றுசேர வழியில்லாதவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். ஒற்றை ஓடுபாதையோடு 1970இல் பணி நின்றது. 1974 அக்டோபர் 11 அன்று பிக் சைப்ரஸ் தேசியக் காப்பகமானது. அந்தப் போராட்டத்தில் காப்பாற்றப்பட்ட அமைதி இந்த உயிர்களுக்கானது. ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள, எதிரியைக் கேட்டு ஒதுங்க, குஞ்சு கத்தினால் தாய்க்குக் கேட்க. அதை என் பொழுதுபோக்குக்கு ஒரு மறைப்பாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

அந்தக் கோடையில் மழை பெய்து சாலை மூழ்கியிருந்த நாள்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த, செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றவர்கள். 2017 ஜனவரியில் மலைப்பாம்பு பிடிப்பதற்காக அவர்களைத் தென் ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புக்கு அழைத்துவந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பெருகிய பர்மிய மலைப்பாம்பு இங்கே பாலூட்டிகளை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. அது வெகுகாலமாக நிலைத்துவிட்ட பகுதிகளில் சாலையோரக் கணக்கெடுப்புகளில் ரக்கூன் 99 விழுக்காடு குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. உள்ளூர் வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் கரைமேட்டுச் சாலைகளில் வண்டியோட்டிக்கொண்டே தேடுவார்கள். இவ்விருவரும் வண்டிச் சாலையை விட்டுப் புதருக்குள் நடந்து, புல் மடிந்த திசையையும் உதிர்ந்த தோலையும் தரையின் வழுவழுப்பையும் பார்த்துப்பார்த்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தார்கள். அந்தச் செய்தியை நாங்கள் இங்கே பெருமையோடு பகிர்ந்துகொண்டோம். நம்மவர்கள் என்று சொல்லி மகிழ்ந்த நான், அவர்கள் நடந்த வேகத்தை மட்டும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு எதுவும் கண்ணில் படாமல் பின்னால் ஓடவில்லை. ஆறு ஆண்டு அந்தச் சாலையில் ஓட்டிய எனக்கு அந்தக் குளத்தில் குஞ்சுகள் இருப்பது தெரியாது. மாதம் ஒருமுறை நின்று பார்த்த அண்ணாச்சிக்கு எண்ணிக்கையே தெரியும்.

அக்டோபரில் சங்கிலியை மெழுகில் முக்குவதை நிறுத்தினேன். பழைய ஹப்பைத் தேடி எடுத்து மாட்டினேன். மிதிப்பதை நிறுத்தினால் அது இப்போது நன்றாகவே ஒலிக்கிறது. கைப்பிடியில் ஒரு சலங்கையைக் கட்டிப் பார்த்தேன். இரவில் மாட்டுவண்டி வருவதைச் சலங்கை ஒலியைக் கேட்டே தெரிந்துகொண்ட ஊரில் பிறந்தவனுக்கு அது இயல்பாகத் தோன்றியது. ஆனால் சில வாரங்களில் கழற்றிவிட்டேன். இடைவிடாத ஒரே ஒலிக்கு எதுவும் காது கொடுப்பதில்லை. கரடி உள்ள காடுகளிலும் மணியைவிட மனிதக் குரலையே நம்பச் சொல்கிறார்கள். அதோடு, சலங்கை கட்டியிருக்கிறேன் என்ற நம்பிக்கையில் நான் மறுபடியும் வேகமாக ஓட்டத் தொடங்கியதைக் கவனித்தேன். இப்போது பார்வைக்கு எட்டாத வளைவுகளுக்கு முன்னால் மிதிப்பதை நிறுத்தி, ஹப்பை ஒலிக்கவிட்டு, வாய்விட்டு ஏதாவது பேசுகிறேன். சிறுபாலங்களுக்கு இருநூறு அடி முன்பே இறங்கிவிடுகிறேன். குறைந்தது பதினைந்தடி தள்ளியிருங்கள் என்று எவர்கிளேட்ஸில் முதலைகளுக்காகச் சொல்லும் தூரம் இரு கரையிலும் நீர் உள்ள ஒற்றைச் சாலையில் கிடைக்காது. அங்கே நிற்பது அல்லது திரும்புவது என்ற இரண்டே வழிகள். என் சராசரி வேகம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. முன்பு சேர்ந்து ஓட்டிய மூவரும் இப்போது வேறொரு நாளில் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களோடு போவதைத்தான் இழந்திருக்கிறேன்.

அந்த ஆண்டு அந்தக் குளத்தில் புதிய குஞ்சுகள் இல்லை. இந்த ஆண்டு உண்டு. ஜனவரியில் நானும் அண்ணாச்சியும் போனோம். வளைவுக்கு இப்பாலேயே இறங்கி, பேசிக்கொண்டே நடந்தோம். ஒரு பெண் முதலை சாலையின் குறுக்கே, ஏறக்குறைய அதே இடத்தில், இந்த முறை முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. அதே முதலைதானா என்று சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் குரலுக்கு ஒரு கண்ணைத் திறந்தது, மூடிக்கொண்டது. நாங்கள் வருவது அதற்குத் தெரியும். இருந்தும் அது எழவில்லை. நாங்கள் தொலைவில் சரளையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைப் பிரித்தோம். ஒரு மணி நேரம் கழித்தும் அது அசையவில்லை. அண்ணாச்சி தொலைநோக்கியையும் குறிப்பேட்டையும் என்னிடம் கொடுத்து, இந்த முறை என்னை எண்ணச் சொன்னார். நான் இரண்டு தடவை எண்ணி ஒன்பது என்றேன். அவர் வாங்கிப் பார்த்துப் பத்து என்றார். பத்தாவது எங்கே என்று கேட்டேன். கிளைக்கு அப்பால், நிழலில் என்றார். எவ்வளவு பார்த்தும் எனக்கு அது வேராகத்தான் தெரிந்தது. எண்ணுவது நான் என்பதால் நான் பார்த்ததையே எழுதச் சொன்னார். 9 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தேன். சைக்கிள்களைத் திருப்பினோம். வந்த வழியே பதினோரு மைல், முழுவதும் எதிர்காற்று.